அசல் எது, ஈயடிச்சான் காப்பி எது? மின்னணு நடன இசை வகைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவுஸ், டெக்னோ, ஜங்கிள், டப்ஸ்டெப், டிரான்ஸ், அமாபியானோ என்று வகைப் பெயர்கள் பெருகிக்கொண்டே போகின்றன. கூடவே "இது அசல் டெக்னோ இல்லை", "இது போலி டீப் ஹவுஸ்" என்ற சண்டையும். அந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம். இரண்டு சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். நிமிடத்துக்கு எத்தனை அடி என்பது பிபிஎம்.

அசல் என்றால் முதலில் வந்தது என்றுதானே பொருள்?

முதலில் வந்ததற்கு முன்னோடி என்று பெயர். அசல் என்பது வேறு விஷயம்.

நடன இசை வகை ஒவ்வொன்றும் ஒரு கூடத்தில், ஒரு விதமான ஸ்பீக்கர்களில், ஒரு விதமாக ஆடுகிறவர்களுக்காகப் பிறந்தது. அதில் கேட்கிற ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைப் புரிந்துகொண்டு செய்த டிராக், நேற்று செய்ததாக இருந்தாலும் அசல்தான். வேலையை விட்டுவிட்டு மேலே தெரிகிற அடையாளத்தை மட்டும் எடுத்து ஒட்டினால் அது சாயல்.

சிகாகோ ஹவுஸையே பாருங்கள். 1977 முதல் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ பாடல்களை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார். பிறகு டிரம் மெஷினையும் சேர்த்தார். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட இசைத்தட்டைத்தான் முதல் ஹவுஸ் தட்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் காலத் தட்டுகளில் தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் நீளமாக ஓடும். அது அலங்காரம் இல்லை. ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்டம் நிற்காமல் மாற டிஜேவுக்கு அந்த இடம் வேண்டும். 124 பிபிஎம்மில் 32 பார் என்பது சுமார் 62 விநாடி. எட்டே விநாடியில் பாட்டு தொடங்கி மூன்று நிமிடத்தில் முடிகிற "ஹவுஸ்" டிராக்கில் கிக்கும் (கனமான கீழ் டிரம் அடி) பியானோவும் பொருத்தமாகவே இருக்கலாம். ஆனால் அது எதற்காக அப்படி இருந்ததோ அந்த வேலை அதில் இல்லை.

அப்படியானால் வகையைத் தீர்மானிப்பது பிபிஎம்மா, ஒலியா, தாளமா?

மூன்றும் சேர்ந்தாலும் முழுதாகத் தீர்மானிக்காது. பிபிஎம் வெறும் வேலிதான். ஹவுஸ் 118 முதல் 128 வரை, டப்ஸ்டெப் 140, ஃபுட்வர்க் 160, டிரம் அண்ட் பேஸ் 170 முதல் 176 வரை என்று பழக்கம் இருக்கிறது. ஆனால் 140இல் ஓடுவதெல்லாம் டப்ஸ்டெப் ஆகாது. அதே வேகத்தில் டிரான்ஸும் ஓடுகிறது, கிரைம் என்ற வகையும் ஓடுகிறது.

ஒலியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதற்கு நம் பக்கமே நல்ல சாட்சி உண்டு. பம்பாயில் இந்தி சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் பதிவு செய்தார். பயன்படுத்தியவை ரோலண்டு நிறுவனத்தின் மின்னணு இசைப் பெட்டிகள்: டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8. 2010இல் அது மறுபடி வெளியானபோது கேட்டவர்கள் அசந்துபோனார்கள். சிகாகோவில் 303இன் நெளியும் ஒலியை மையமாக வைத்த ஆசிட் ஹவுஸ் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே அதே மாதிரி ஒலி. ஆனால் அது ஆசிட் ஹவுஸ் இல்லை. அதை இரவு முழுக்கப் போட்டு ஆடிய கூடம் இல்லை, அதைக் கேட்டு அடுத்த தட்டு செய்த ஆளும் இல்லை. போலியும் இல்லை; தனியாக நிற்கிற அசல். இந்த ஒரு ஆல்பத்தை எந்தப் பெட்டியில் போடுவது என்று யோசித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

303 ஒலி இருந்தால் ஆசிட் ஆகிவிடும் அல்லவா? பிளக்இன்னில் (கருவியைப் போலச் செய்யும் மென்பொருளில்) போட்டால் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சாயல் எங்கே சறுக்குகிறது என்பது இங்கே பளிச்சென்று தெரியும்.

டிபி-303 ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டி. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காகச் செய்தது. அந்த வேலைக்கு அது சுத்தமாக உதவவில்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தது. சிகாகோவின் ஃப்யூச்சர் குழு அதன் திருகுகளைத் திருகிக்கொண்டே பதிவு செய்து 1987இல் வெளியிட்ட டிராக்கிலிருந்துதான் ஆசிட் ஹவுஸ் தொடங்குகிறது.

அந்த ஒலியின் உயிர் மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது ஸ்லைடு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்குவதற்கு ஆகும் நேரம் சுமார் 60 மில்லி விநாடி. இடைவெளி சிறிதானாலும் பெரிதானாலும் அதே நேரம்தான். வழுக்கும்போது ஃபில்டரின் (ஒலியின் மேல்பகுதியை வடிகட்டும் பகுதி) என்வலப், அதாவது அது திறந்து மூடும் போக்கு, மறுபடி தொடங்காது. பல பிளக்இன்களில் போர்ட்டமென்டோவை (சுர வழுக்கலை) மட்டும் போட்டுவிட்டு ஒவ்வொரு சுரத்துக்கும் என்வலப்பைத் திரும்பத் தட்டவிடுகிறார்கள். வழுக்கல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு சுரமும் "டொக் டொக்" என்று தனித்தனியாக நிற்கும். லெகாட்டோ நிலையில் (சுரங்கள் அறுபடாமல் தொடரும்படி), ஒரே குரலாக, வழுக்க வேண்டிய சுரத்தை மட்டும் அடுத்ததன் மேல் ஏறும்படி நீட்டுங்கள்.

இரண்டாவது ஆக்சென்ட், அதாவது சில சுரங்களை மட்டும் அழுத்திச் சொல்வது. சத்தம் கூடுவதோடு அது நிற்பதில்லை. ஃபில்டர் இன்னும் அகலத் திறக்கும், டீகே (ஒலி அடங்கும் நேரம்) குறுகும். அதைவிட முக்கியம், ஆக்சென்ட் அடுத்தடுத்து வந்தால் உள்ளே இருக்கும் கபாசிட்டர் முழுதாக வடிவதற்குள் மறுபடி நிரம்பிவிடும். அதனால் இரண்டாவது முதலாவதைவிட மேலே ஏறும், மூன்றாவது இன்னும் மேலே. வெலாசிட்டியை (கீயை அடிக்கும் வேகத்தை) வால்யூமோடு மட்டும் இணைத்தால் இந்த ஏற்றம் வரவே வராது. கையால் ஆட்டோமேஷன் (திருகுகள் தாமாக நகர வேண்டிய கோடு) வரைந்தாவது அதைக் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது, பேட்டர்ன் எழுதும் விதம். பழைய பெட்டியில் சுரங்களைத் தனியாகவும் நேரங்களைத் தனியாகவும் உள்ளிட வேண்டும். இரண்டும் சேரும்போது நினைத்தது வராது. வந்தது பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள். விரலால் கீபோர்டில் வாசித்து எழுதும் பேஸ்லைன் அழகாக இருக்கும், அதனாலேயே ஆசிட் மாதிரி இருக்காது. இப்படிச் செய்து பாருங்கள்: 16 படிகள். மூலச் சுரம், அதன் மேல் ஸ்தாயி, கூட ஒன்றோ இரண்டோ சுரம், அவ்வளவுதான். நான்கு படிகளைக் காலியாக விடுங்கள். மூன்றில் ஸ்லைடு, நான்கில் ஆக்சென்ட். பிறகு சுர வரிசையை ஒரு படி தள்ளி, நேர வரிசையை அப்படியே விடுங்கள். பிடித்தது கிடைத்ததும் சுரங்களை மறந்துவிட்டு, கட்ஆஃப் (ஃபில்டர் வெட்டும் இடம்), ரெசனன்ஸ் (அந்த இடத்தில் எழும் கூர்மை), டீகே மூன்றை மட்டும் 32 பாருக்கு மெல்ல நகர்த்துங்கள்.

எதிரொலியை அள்ளிக் கொட்டுவது இந்தத் துறையின் பழைய நோய். ரீவெர்ப் அதிகமானால் ஸ்லைடும் ஆக்சென்ட்டும் கூழாகிவிடும்.

பழைய கருவிதான் வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்தால் போதும். டிஆர்-909 என்ற டிரம் மெஷினில் கிக், ஸ்னேர் (சுள்ளென்ற டிரம் அடி), கிளாப் எல்லாம் அனலாக், மின்சுற்றே உண்டாக்கும் ஒலி. ஹைஹாட்டும் (டிக் டிக் என்ற ஜோடித் தட்டு) சிம்பலும் மட்டும் 6 பிட் சாம்பிள்கள், அதாவது பதிவு செய்து வைத்த ஒலித் துண்டுகள். அந்த ஹைஹாட்டின் சொரசொரப்பு அதிலிருந்துதான் வருகிறது. இதைத் தெரிந்தவர் எந்த மென்பொருளிலும் அதற்கு அருகில் போய்விடுவார். தெரியாதவர் அசல் 909ஐ வாங்கி வைத்துக்கொண்டும் தவறவிடுவார். இந்தப் பெட்டிகளையெல்லாம் அந்தக் காலத்து இளைஞர்கள் வாங்கியது மலிவாகக் கிடைத்ததால். இன்று கையில் இருக்கிற மலிவான கருவியைப் பிழிவதுதான் அந்த வழியில் நடப்பது.

சுரமும் சாம்பிளும் சரி; ஆனாலும் ஆட வரவில்லை. ஏன்?

பத்தில் எட்டு முறை காரணம் ஸ்விங், அதாவது ஒன்றுவிட்டு ஒரு துண்டு சற்றுத் தாமதமாக விழுவது. கணக்காகவே பார்ப்போம்.

124 பிபிஎம்மில் ஒரு அடி 484 மில்லி விநாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டு 121. ஸ்விங் (இரண்டு துண்டில் முதலாவதன் பங்கு) 50 சதவீதம் என்றால் எல்லாத் துண்டும் சமம், அதாவது அச்சடித்த சதுஸ்ர நடை. 66 சதவீதத்துக்குப் போனால் திஸ்ர நடை ஆகிவிடும். ஹவுஸ் வாழ்வது இரண்டுக்கும் நடுவே, பெரும்பாலும் 54 முதல் 58க்குள். 56 வைத்தால் இரண்டாவது துண்டு 121இல் விழாமல் சுமார் 135இல் விழும். அந்தப் பதினான்கு மில்லி விநாடியைக் காது தனியாகப் பிரித்துச் சொல்லாது, இடுப்பு சொல்லிவிடும்.

தவறு எப்படி நடக்கிறது என்றால், கடையில் வாங்கிய லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டில்) ஏற்கெனவே ஸ்விங் இருக்கும். அதன்மேல் மென்பொருளின் ஸ்விங்கையும் போட்டால் இரட்டிப்பாகிவிடும். அல்லது 54இல் ஒரு லூப், 60இல் ஒரு லூப் என்று இரண்டை அடுக்குவார்கள். இரண்டு ஹைஹாட்டும் 15 மில்லி விநாடி வித்தியாசத்தில் விழுந்து சலங்கை அறுந்தது போலச் சத்தம் வரும். லூப்பை வெட்டி, தனித்தனி அடியாக்கி, எல்லாவற்றையும் ஒரே ஸ்விங்கில் வையுங்கள். கிக் நான்கும் அடியின் மேலேயே விழுவதால் ஸ்விங் அவற்றைத் தொடாது.

டெக்னோவில் கதை வேறு. ஸ்விங் கிட்டத்தட்ட இல்லாமலே பல டிராக்குகள் ஓடும். அங்கே நடையைத் தருவது ஹைஹாட்டின் நீளமும் ஆக்சென்ட்டும். ஹவுஸ் பழக்கத்தில் டெக்னோவுக்கும் 58 போட்டால் அது நொண்டும்.

டப்ஸ்டெப் என்று நினைத்துச் செய்தேன், "இது டப்ஸ்டெப்பே இல்லை" என்கிறார்கள். எது குறைகிறது?

அநேகமாக எதுவும் குறையவில்லை, கூடிவிட்டது. தெற்கு லண்டனின் குரோய்டன் பகுதியில் ஒரு இசைத்தட்டுக் கடையைச் சுற்றியும், ஃபார்வர்ட், டிஎம்ஸெட் என்ற இரவு நிகழ்ச்சிகளிலும் 2000களின் முற்பாதியில் வளர்ந்தது இது. 140 பிபிஎம், ஆனால் ஸ்னேர் பாருக்கு ஒரே முறை, மூன்றாவது அடியில். அதனால் 70இல் ஆடலாம், 140இலும் ஆடலாம். நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்புவது 40 முதல் 60 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் சப்-பேஸ். அதைக் காதைவிட நெஞ்சுக்கூடுதான் அதிகம் கேட்கிறது.

லேப்டாப் ஸ்பீக்கரில் இந்தப் பகுதி வரவே வராது. அதில் வேலை செய்கிறவருக்கு டிராக் காலியாக இருப்பதாகத் தோன்றும். உடனே 200 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை உறுமலும் கிழிசலுமாக நிரப்புவார். வெற்றிடம் போச்சு, வகையும் போச்சு.

2010 வாக்கில் ஸ்கிரில்லெக்ஸ் போன்றவர்கள் அந்த நடுப்பகுதி உறுமலையே மையமாக வைத்தார்கள். அதைப் போலி என்பது நியாயமில்லை. பெரிய திறந்தவெளி மேடைகளுக்கு அது வேலை செய்தது; தனிக் கூட்டம் சேர்ந்தது, தனிப் பெயரும் வந்தது. பழைய பெயரிலேயே விற்றதுதான் குழப்பம்.

சிதாரும் "ஓம்" சத்தமும் சேர்த்தால் கோவா டிரான்ஸா?

அட்டைப்படத்தில் சிவபெருமான் இருந்தாலும் ஆகாது.

கோவா கடற்கரை விருந்துகளில் இசைத்தட்டு சூட்டிலும் தூசியிலும் வளைந்துபோகும். அதனால் டிஜேக்கள் டாட் என்ற டிஜிட்டல் நாடாவுக்கு மாறினார்கள். அந்த நாடா இயந்திரங்களில், தட்டில் செய்வது போல் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இரண்டு டிராக்கின் அடியைப் பொருத்த வசதி இல்லை. ஆகவே ஒன்று அடங்கும்போது அடுத்ததை மெல்ல ஏற்றினார்கள். தாளமே இல்லாத நீண்ட தொடக்கமும் முடிவும் அந்த இசையில் இருப்பது இதனால்தான். சிதார் இல்லாமலும் கோவா டிரான்ஸ் உண்டு. அடுக்கடுக்காகப் பின்னி ஏறும் மெட்டும் இந்த நீண்ட நுழைவாயிலும் இல்லாமல் அது சிரமம்.

அதிலிருந்து வந்த சைடிரான்ஸில் கிக்குக்குப் பின் மூன்று பேஸ் அடி என்ற அமைப்பு மிகப் பரவலாக உண்டு. புதியவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். 145 பிபிஎம்மில் ஒரு துண்டு 103 மில்லி விநாடி. பேஸ் பெரும்பாலும் 43 முதல் 52 ஹெர்ட்ஸுக்குள். 43 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடிய 23 மில்லி விநாடி வேண்டும். அப்படியானால் ஒரு பேஸ் அடிக்குள் நான்கரை அலைகூட முழுதாக இல்லை. ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) தன் போக்கில் ஓடினால் ஒவ்வொரு அடியும் அலையின் வேறு புள்ளியில் தொடங்கும். ஒன்று கனமாக, அடுத்தது சோப்ளாங்கியாகக் கேட்கும். சிந்தில் (சிந்தசைசரில்) ஃபேஸ் ரீடிரிகரை இயக்கிவிட்டு, எல்லா அடியும் ஒரே புள்ளியில் தொடங்கச் செய்யுங்கள். கிக்கின் வாலை 100 மில்லி விநாடிக்குள் முடியுங்கள். இரண்டையும் செய்யாமல் கம்ப்ரசரை மாற்றி மாற்றிப் போட்டால் வாரக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

ஆமென் பிரேக் இல்லாமல் ஜங்கிள் உண்டா? இருந்தால் போதுமா?

இல்லாமலும் உண்டு. இருந்தும் போதாது.

வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969இல் வெளியிட்ட ஒரு பாடலில் கிரெகரி கோல்மன் டிரம்மில் தனியாக வாசித்த நான்கு பார்தான் ஆமென் பிரேக்; நீளம் சுமார் ஏழு விநாடி, வேகம் 137 பிபிஎம்முக்குப் பக்கம். ஜங்கிள் செய்தவர்கள் அதை 160க்கு மேல் ஓட்டினார்கள். சாம்பிளரில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். 137ஐ 165 ஆக்கினால் சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் ஏறுகிறது. ஜங்கிள் ஸ்னேரின் இறுக்கம் அந்த ஏற்றத்தில் வந்தது.

இப்போதைய மென்பொருள் லூப்பை இழுத்துப் போட்டதும் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறது. ஸ்னேர் பழைய சுருதியில் கிடக்கும், அடியின் முனையும் மழுங்கிவிடும். "ஏதோ சரியில்லை" என்று தோன்றுவதற்குக் காரணம் இது. வார்ப்பை (சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் அந்த வசதியை) அணைத்து, சுருதியோடு வேகத்தை ஏற்றுங்கள். பிறகு எட்டிலிருந்து பதினாறு துண்டாக வெட்டி, வரிசையை மாற்றி, நான்காவது பாரில் ஒருமுறையாவது கேட்பவர் எதிர்பாராத இடத்தில் ஸ்னேரை வையுங்கள். வெட்டாமல் சுற்றவிட்ட ஆமென் வெறும் வால்பேப்பர்.

அமாபியானோவுக்கு லாக் டிரம் போதுமா?

இன்றைக்கு அதிகம் காப்பி அடிக்கப்படும் ஒலி இது. அமாபியானோ தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாணத்து டவுன்ஷிப்களில் (கறுப்பின மக்களின் நகர்ப்புறக் குடியிருப்புகளில்) 2010களில் உருவான வகை. எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளோடு வரும் எஃப்எம் சிந்தின் ஆயத்த ஒலி ஒன்றுதான் லாக் டிரம் ஆனது.

சாயல்காரர்கள் அதை டிரம் என்ற பெயரை நம்பி டிரம்மாகப் போடுகிறார்கள். முதல் அடியில் கிக்கோடு சேர்த்து ஓங்கி. அசலில் அது பேஸ், மெட்டும் அதுவே. எடுப்பு பெரும்பாலும் சமத்தில் இருக்காது. அரை இடம் தள்ளி விழும், சில சமயம் ஒரு பார் முழுக்க வாயே திறக்காது. கீழே ஷேக்கர் விடாமல் ஓடும். கிக் மெத்தென்று இருக்கும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. 112 பிபிஎம் சுற்றுவட்டாரம். அவசரமில்லாமல் ஆறேழு நிமிடம் போகும். லாக் டிரம் வருவதற்கே பல பார் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடப் பாப் பாட்டின் நடுவில் அதைக் கொட்டுகிறவர்கள் மிளகாயை மட்டும் எடுத்துக் குழம்பு வைக்கிறார்கள்.

அந்த ஊரில் பிறக்காதவர் செய்தால் போலிதானா?

அப்படிப் பார்த்தால் டெட்ராய்ட் டெக்னோவே போலி. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்ட்டுக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூரில் படித்தவர்கள். வானொலியில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கைக் கேட்டு வளர்ந்தவர்கள். லண்டனின் கராஜ் இசையோ, நியூயார்க், நியூ ஜெர்சி தட்டுகளை வேகம் கூட்டிப் போட்டதில் பிறந்தது. கிக்கின் இரண்டாவது, நான்காவது அடியை எடுத்துவிட்டு டூ-ஸ்டெப் ஆக்கினார்கள். காப்பிதான்; ஆனால் தங்கள் கூடத்துக்கு வேண்டியபடி தாளத்தின் எலும்பையே மாற்றிய காப்பி.

பெர்லின் வேறு வழியில் போனது. 1991இல் திறந்த டிரேசர் கிளப் டெட்ராய்ட்காரர்களையே கூப்பிட்டு வாசிக்க வைத்தது, அவர்கள் தட்டுகளைத் தன் லேபிளில் (தட்டு வெளியிடும் நிறுவனத்தில்) வெளியிட்டது. பெயரும் காசும் உரியவருக்குப் போயின.

சில வகைகளில் மட்டும் தூரத்திலிருந்து கற்றுக்கொள்வது கடினம். சிகாகோவின் ஃபுட்வர்க் அப்படி. ஆர்பி பூ, டிஜே ரஷாத் இருவரும் முதலில் ஆட்டக்காரர்கள். 160 பிபிஎம்மில் கிக் எங்கே மூன்றாக உடைய வேண்டும், கிளாப் எங்கே பாதி வேகத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கால்தான் முடிவு செய்கிறது. போட்டி ஆட்டத்தை வீடியோவிலாவது, பாட்டை அணைத்துவிட்டுக் கால்களை மட்டும் பார்த்துக் கற்க வேண்டும்.

நகல் எப்போது அநியாயம் ஆகிறது?

சட்டமும் நியாயமும் இங்கே ஒன்றல்ல. ராயல்டி கட்டிவிட்டால் ஒரு இசையைத் திரும்பப் பதிவு செய்யப் பல நாடுகளில் சட்டம் இடம் தருகிறது. 1999இல் டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் லேபிளில் டிஜே ரொலாண்டோவின் ஒரு டிராக் பெரும் வரவேற்பு பெற்றது. ஒரு பெரிய நிறுவனத்தின் ஜெர்மானியக் கிளை, லேபிளின் சம்மதமில்லாமலே அதை அச்சு அசலாகத் திரும்பச் செய்தது. கேட்பவர்களின் எதிர்ப்பு மின்னஞ்சலாகக் குவிந்ததும் அந்தப் பதிப்பைக் கைவிட்டது. சுரம் சுரமாக அதேதான். ஆனாலும் அதை அசல் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆமென் பிரேக்கின் கணக்கு இன்னும் தீரவில்லை. கோல்மன் 2006இல் இறந்தார், ஒரு காசு ராயல்டி பார்க்காமல். 2015இல் ரசிகர்கள் நன்கொடையாகத் திரட்டிய 24,000 பவுண்டு குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் போய்ச் சேர்ந்தது.

இணையக் கடைகளில் போட்டிருக்கும் வகைப் பெயரை நம்பலாமா?

அலமாரி எண் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் எப்போதுமே பாதி வியாபாரம். 1988இல் லண்டனில் வெளியான டெட்ராய்ட் தொகுப்புக்கு முதலில் யோசித்த தலைப்பில் "ஹவுஸ்" என்ற சொல்தான் இருந்தது. அட்கின்ஸ் கொடுத்த டிராக்கின் பெயரில் "டெக்னோ" இருந்ததால் தலைப்பு மாறி, ஒரு வகைக்கே பெயர் நிலைத்தது.

டீப் ஹவுஸ் பட்டபாடு தனி. லாரி ஹெர்ட் 1980களின் நடுவில் செய்த மென்மையான, ஏழாம், ஒன்பதாம் சுரங்கள் சேர்ந்த கார்டுகளின் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) இசைக்கு உரிய பெயர் அது. 2010களின் நடுவில் துள்ளும் பேஸ் போட்ட பாப் பாடல்களெல்லாம் அதே அலமாரியில் ஏறின. கேட்கப் பிடித்தால் கேளுங்கள். தேடும்போது மட்டும் வகைப் பெயரைத் தேடாமல் லேபிளையும் டிஜேயையும் தேடுங்கள்.

சாம்பிள் பேக், ஏஐ?

சாம்பிள் பேக்கில் தனி அடிகள் வாங்குவதில் குற்றமில்லை. முழு மெட்டும் பேஸும் சேர்ந்த தொகுப்புகளை அப்படியே அடுக்கினால், அதே டிராக்கை இன்னும் இருநூறு பேர் அடுக்கியிருப்பார்கள். ஏஐ அடையாள ஒலியைத்தான் முதலில் பிடிக்கிறது, அதாவது சாயல்காரர் பிடிக்கிற அதே இடத்தை. அது கொடுத்ததை மென்பொருளின் கட்டத்தில் வைத்து அடி நகர்கிறதா, எட்டு பாரின் மடங்கில் மாற்றங்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

ஒரு டிராக்கைச் சோதிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. 120 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கேளுங்கள். கீழே மிச்சமிருப்பதற்கே கால் ஆட வேண்டும். பிறகு மோனோவாக்குங்கள், அதாவது இடது வலது ஒலிகளை ஒன்றாக்குங்கள். பேஸ் மறைந்தால், ஸ்டீரியோ அகலத்துக்காகச் செய்த ஒலி என்று பொருள்; கிளப்பில் கீழ்ப்பகுதியை மோனோவாகவே ஓட்டுவது வழக்கம், அங்கே அது காணாமல் போகும். அடுத்து அடையாள ஒலியை மட்டும் மௌனமாக்குங்கள்: ஆசிட்டில் 303, அமாபியானோவில் லாக் டிரம். மிச்சம் இன்னும் அதே வகையாகக் கேட்கிறதா? கேட்காவிட்டால் பெயர்ப்பலகையைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

கடைசிச் சோதனைதான் கடினம். அந்த வகையில் யாரும் சந்தேகிக்காத ஒரு டிராக்கோடு உங்களுடையதை 64 பார் சேர்த்து ஓட்டுங்கள். 124 பிபிஎம்மில் அது இரண்டு நிமிடம் நான்கு விநாடி. இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் விட்டால் நல்லது. உங்களுடையது முட்டி மோதினால் எந்த ஒலி மோதுகிறது என்று பாருங்கள். அநேகமாக நீங்கள் மிகவும் ஆசைப்பட்டு வைத்த ஒலியாகத்தான் இருக்கும்.

புதிதாக ஒரு வகையில் இறங்குகிறேன். எங்கே தொடங்குவது?

ஒரே ஊர், மூன்று நான்கு வருடத்துக்குள் வந்த 20 டிராக்குகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மென்பொருளில் போட்டு, எந்த பாரில் எது நுழைகிறது, எது விலகுகிறது என்று கோடு போடுங்கள். பத்தாவது டிராக்குக்குள் அந்த வகையின் பழக்கங்கள் தாமாகவே தெரியத் தொடங்கும். பிறகு ஒன்றின் தாளத்தை மட்டும், உங்களிடம் உள்ள வேறு சாம்பிள்களால், அடிக்கு அடி திரும்பச் செய்யுங்கள். இங்கே ஈயடிச்சான் காப்பியே சரி. கற்பதற்காக, வெளியிடுவதற்கு அல்ல. ஒலி வேறாக இருந்தும் நடை அதே மாதிரி வந்தால் வகையின் எலும்பு கைக்கு வந்துவிட்டது. அந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து புதிதாக ஒன்று எழுதுங்கள். மூன்று பழைய டிராக்குகளின் நடுவே அதைச் சொருகி, நாலு பேர் ஆடுகிற இடத்தில், யாருடையது என்று சொல்லாமல் போட்டுவிட்டு, திரையை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள்.